தண்டுவடம் எல்-1 மட்டத்தில் முடிகிறதாம்… பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. இரண்டு மாதமாக இடுப்பில் தொடங்கி இடது காலின் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'எல்-4, எல்-5 இடையே டிஸ்க் பிதுங்கி இடதுபக்க நரம்பு வேரை அழுத்துகிறது' என்று ஒரு வரி. 'தண்டுவடம் எல்-1 மட்டத்தில் முடிகிறது' என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியைப் படித்ததும் கை கால் ஓடவில்லை. உறவினர் ஒருவர், "தண்டுவடம் நசுங்கிப்போச்சு, இனி படுக்கைதான்" என்கிறார். மருத்துவரோ இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது? இன்னொன்று. நான்கு வருடம் முன்பு என் பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போட்டார்கள். அதிலிருந்து எனக்கும் முதுகுவலி வந்து வந்து போகிறது. அந்த ஊசி தண்டுவடத்தைக் குத்தியிருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைப் பயமுறுத்திய அந்த இரண்டாவது வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 'முடிகிறது' என்ற சொல் உங்கள் கண்ணுக்கு 'அறுந்துவிட்டது' என்று பட்டிருக்கிறது. ஆனால், அந்த அறிக்கையிலேயே ஆறுதலான வரி அதுதான். வளர்ந்த மனிதர்கள் பெரும்பாலோருக்குத் தண்டுவடம் அங்கேதான் முடிகிறது. உங்களுக்கும் எனக்கும்கூட. படம் பார்த்த மருத்துவர் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பதிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதை ஏன் ஆறுதல் என்கிறேன்? அம்மாவின் டிஸ்க் பிதுங்கியிருப்பது எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவில். தண்டுவடம் அதற்கு மூன்று எலும்பு மேலேயே முடிந்துவிட்டது. இல்லாத இடத்தில் அது எப்படி நசுங்கும்? உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால், முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்று, இரண்டும் ஒரே நீளம் என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முடிச்சு இந்த ஒரே இடத்தில் இருப்பதால், அதைக் கொஞ்சம் நிதானமாகவே அவிழ்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் 'நரம்பு' என்ற சொல் பாவம், நிறைய வேலை பார்க்கிறது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். 'நரம்பு ஊசி' என்கிறோம். காலில் முறுக்கிக்கொண்டு தெரிவதை 'நரம்புச் சுருட்டல்' என்கிறோம். இவையெல்லாம் ரத்தக்குழாய்கள். உண்மையான நரம்பில் ரத்தம் ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகிறது. அது வெளியே தெரியாது. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பொருள்தான் பிடித்தமானது. இழுத்துக் கட்டிய தந்தியை எங்கே தொட்டாலும் அதிர்வு போகிறதல்லவா, ஏறக்குறைய அந்த உணர்வோடு இதைப் படியுங்கள்.

முதுகெலும்பு ஒரே எலும்பு கிடையாது. 33 முள்ளெலும்புகளின் அடுக்கு அது. கழுத்தில் 7, மார்பின் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்கும் கீழே 5 எலும்புகள் ஒன்றாக ஒட்டிப்போய் ஒரு முக்கோணமாகவும், கடைசி 4 சேர்ந்து வால் எலும்பாகவும் இருக்கின்றன. அறிக்கையில் வரும் 'சி' கழுத்து, 'டி' மார்பு, 'எல்' இடுப்பு, 'எஸ்' அந்த முக்கோண எலும்பு. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்பக்கம் பாரம் தாங்கும் ஒரு கட்டை, பின்பக்கம் ஒரு வளையம். வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது நடுவில் ஒரு சுரங்கம் உருவாகிறது. தண்டுவடம் குடியிருப்பது அந்தச் சுரங்கத்தில்.

மூளையின் அடியிலிருந்து, மண்டையோட்டின் அடித்துளை வழியாக அது கீழே இறங்குகிறது. பருமன் சுண்டுவிரல் அளவு. நீளம் ஆண்களுக்குச் சுமார் 45 செ.மீ., பெண்களுக்கு அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவு. எடை ஏறக்குறைய 35 கிராம். உடற்கூறியல் வகுப்பில் மாணவர்கள் முதன்முறை அதைக் கையில் வாங்கும்போது, 'இவ்வளவுதானா?' என்று என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். கழுத்துக்குக் கீழே நாம் தொடுவது, நடப்பது, சூடு உணர்வது, சிறுநீரை அடக்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த 35 கிராமின் வழியாகத்தான் நடக்கிறது.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். சுற்றிலும் வெண்மை. சாம்பலில் இருப்பவை நரம்பணுக்களின் உடல்கள். வெண்மையில் இருப்பவை மேலும் கீழும் ஓடும் இழைகள். பட்டாம்பூச்சியின் பின் சிறகுக்கு உடலிலிருந்து உணர்வுச் செய்தி வந்து சேர்கிறது, முன் சிறகிலிருந்து தசைக்குக் கட்டளை கிளம்புகிறது. முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்வுக்கு என்பதை 1811-ல் சார்லஸ் பெல்லும் 1822-ல் பிரான்சுவா மஜாந்தியும் செய்த சோதனைகள் நிலைநாட்டின. உடலின் இந்த ஒழுங்கை எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சரி, சுரங்கம் கீழே வரை இருக்கும்போது தண்டுவடம் ஏன் பாதி இடுப்போடு நின்றுவிடுகிறது? பதில் கருப்பையில் இருக்கிறது. மூன்றாவது மாதக் கருவில் இரண்டும் ஒரே நீளம்தான். ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்திலிருந்து கிளம்பி, பக்கத்திலேயே உள்ள எலும்பு இடைவெளி வழியாக நேராக வெளியேறும். அதற்குப் பிறகு எலும்பு வேகமாக நீள்கிறது, தண்டுவடம் அந்த வேகத்தில் நீள்வதில்லை. மேல்முனை மூளையோடு பிணைந்திருப்பதால் கீழ்முனைதான் மேலே ஏறியதுபோல் ஆகிறது. குழந்தை பிறக்கும்போது அந்த முனை எல்-3 அளவில் இருக்கும். பிறகு எல்-1, எல்-2 அளவுக்கு வந்து நின்றுவிடும்.

ஆனால், நரம்புகள் தாங்கள் வெளியேற வேண்டிய வாசலை மாற்றிக்கொள்ளவில்லை. எல்-5 நரம்புக்கு எல்-5 எலும்பின் அடியில்தான் வாசல். அது தண்டுவடத்திலிருந்து கிளம்புவதோ, ஏறத்தாழ மார்பின் கடைசி எலும்பான டி-12-ன் பின்னால். அங்கிருந்து வாசல் வரை சுரங்கத்துக்குள்ளேயே ஐந்து எலும்பு தூரம் தொங்கிக்கொண்டு வர வேண்டும். இப்படி இடுப்புக்கும் காலுக்கும் போக வேண்டிய நரம்பு வேர்கள் எல்லாம் தண்டுவடத்தின் நுனியிலிருந்து கற்றையாகக் கீழே இறங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரையின் வால் போலவே இருக்கும். மருத்துவத்தில் அதன் லத்தீன் பெயருக்கும் 'குதிரைவால்' என்றுதான் பொருள். அந்தக் கற்றை மூளைத் தண்டுவட நீரில் மிதக்கிறது. எல்லாவற்றையும் சுற்றி ஓர் உறை இருக்கிறது.

அம்மாவின் டிஸ்க் தொட்டுக்கொண்டிருப்பது இந்தக் குதிரைவாலின் ஓர் இழையை.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. 'ஜவ்வு' என்று சொல்வார்கள். வெளியே வட்ட வட்டமாக நார், உள்ளே கூழ். வயதாக ஆக நார் தளர்ந்து, ஓர் இடத்தில் விரிசல் விடும்போது கூழ் அதன் வழியாகப் பிதுங்கும். நேர் பின்னால் ஒரு பலமான தசைநார் காவல் இருப்பதால், பெரும்பாலும் சற்றே பக்கவாட்டில்தான் பிதுங்கும். அங்கேதான் நரம்பு வேர் போய்க்கொண்டிருக்கிறது. எல்-4 நரம்பு அதற்கு மேலேயே வெளியேறிவிடுவதால், எல்-4, எல்-5 இடையிலான டிஸ்க்கில் மாட்டுவது வழக்கமாக அடுத்த வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கும் எல்-5 வேர்.

அந்த எல்-5 எங்கே போகிறது தெரியுமா? தொடையின் வெளிப்புறம், கெண்டைக்காலின் வெளிப்புறம், பாதத்தின் மேற்புறம், பெருவிரல். உங்கள் அம்மா சொன்ன வழியேதான்! அறிக்கையைப் பார்க்காமலேயே, வலி பெருவிரல் வரை போகிறது என்ற அவருடைய வார்த்தையை மட்டும் கேட்டு, அழுத்தம் எங்கே இருக்கும் என்று ஒரு மருத்துவர் ஊகித்துவிட முடியும். சுண்டுவிரல் பக்கம் மரத்திருந்தால் எஸ்-1. கைக் கட்டைவிரல் என்றால் கழுத்தின் சி-6. தொப்புளைச் சுற்றி என்றால் டி-10. உடம்பின் தோல் முழுக்க இப்படி நரம்பு வாரியாகப் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 31 ஜோடி நரம்புகள். அதனால்தான் வலிக்கும் இடத்தை விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கிறோம். 'கால் பூரா வலிக்குது' என்பதைவிட அந்தக் கோடு எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

இடுப்பில் அழுத்தினால் விரலில் ஏன் வலிக்க வேண்டும் என்று தோன்றும். விரலின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பணுவின் உடல், எலும்பு வாசலில், தண்டுவடத்துக்கு வெளியே ஒரு சிறு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியிலிருந்து ஓர் இழை பெருவிரல் வரை போகிறது. இன்னொரு கிளை குதிரைவால் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. தொடுவுணர்வுக்கான இழையாக இருந்தால் அது நிற்காமல் மூளையின் அடிப்பகுதி வரை ஏறிப்போகும். கால் நுனியிலிருந்து கழுத்துக்கு மேல் வரை ஒரே ஓர் அணு! இத்தனை நீளமான இழையின் நடுவில் எங்கே உரசினாலும் மூளைக்கு வரும் செய்தி 'பெருவிரலிலிருந்து' என்றுதான் இருக்கும். வீட்டு அழைப்பு மணியின் கம்பி சுவருக்குள் எங்கோ உரசினாலும் மணி அடிக்கும். நாம் போய்த் திறப்பது வாசல் கதவைத்தானே. ஆகவே அம்மாவின் விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. விரல் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் ஊசிக்கு வருகிறேன். நான்கு வருடமாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது.

இந்த ஊசியும் 'தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது' என்ற அதே உண்மையை நம்பித்தான் போடப்படுகிறது. 1891-ல் ஹைன்ரிஷ் குவிங்கே என்ற மருத்துவர் இடுப்பில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்துக் காட்டினார். 1898-ல் ஆகஸ்ட் பியர் அதே வழியில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி அறுவை சிகிச்சை செய்தார். இன்றும் மயக்க மருத்துவர் உங்களைக் குனிய வைத்து, இடுப்பின் இரு பக்கத்து எலும்பு விளிம்புகளையும் தொட்டுப் பார்ப்பார். அவற்றை இணைத்தால் கோடு எல்-4 அருகே போகும். அதை அடையாளமாக வைத்து எல்-3, எல்-4 இடைவெளியிலோ அதற்குக் கீழேயோ ஊசியை நுழைப்பார். சிலருக்குத் தண்டுவடம் வழக்கத்தைவிட ஓர் எலும்பு கீழே முடியக்கூடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் இடைவெளி. ஊசி போய்ச் சேர்வது நீருக்குள். அங்கே மிதக்கும் வேர்கள் மெல்லிய ஊசி பட்டதும் பெரும்பாலும் விலகிக்கொடுக்கும். நீரில் மிதக்கும் நூலை ஊசியால் குத்திப் பாருங்கள், நழுவிப் போகும். எப்போதாவது ஒரு வேரைத் தொட்டுவிட்டால் காலில் 'சுரீர்' என்று ஒரு நொடி இழுக்கும், உடனே ஊசியை நகர்த்திவிடுவார்கள்.

ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும். சிலருக்கு நீர் கசிவதால் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால், வருடக்கணக்கான முதுகுவலி என்று எடுத்துக்கொண்டால், ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் விரிந்து தளர்கின்றன, மூட்டு இணைப்புகள் இளகுகின்றன. பிறகு குழந்தையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, தூக்கமில்லாத இரவுகள். உங்கள் வலிக்குக் காரணத்தை அங்கே தேடுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்து முதுகு, வயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். நாள்பட்ட வலி என்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன மருத்துவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. பிதுங்கிய கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, ரத்தத்தின் வெள்ளணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியவைகூடச் சில மாதங்களில் சுருங்குவதுண்டு. வேரைச் சுற்றியுள்ள அழற்சியும் அடங்கும். அதனால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதுவரை வலி மருந்து, அளவான நடை, கற்றுக்கொடுத்த பயிற்சி. முழு நேரப் படுக்கை வேண்டாம். அது தசையைத்தான் கரைக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ.யிலும் டிஸ்க் பிதுங்கல் தெரியும். படத்தை மட்டும் வைத்து யாரும் கத்தி எடுக்கக் கூடாது.

நரம்பு வேருக்கும் தண்டுவடத்துக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்டுவடத்துக்குள் அறுபட்ட இழை திரும்ப வளர்வதில்லை என்றே சொல்லலாம். அங்குள்ள சூழல் அதை வளர விடுவதில்லை. வெளியே உள்ள நரம்புகளோ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளரக்கூடியவை. உங்கள் அம்மாவின் வேர் அறுபடவும் இல்லை, அழுத்தப்பட்டிருக்கிறது. அழுத்தம் விலகினால் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இதே டிஸ்க் கழுத்தில் நடுவாக்கில் பிதுங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே சுரங்கத்தில் தண்டுவடமே இருக்கிறது. கை விரல்களில் பொத்தான் போட முடியாத தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் என்றால் காத்திருக்கக் கூடாது.

ஆறுதல் சொன்னேன் என்பதற்காக ஒன்றை மறைக்க மாட்டேன். குதிரைவாலுக்கும் ஓர் அவசரநிலை உண்டு. சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்கான எஸ்-2, 3, 4 வேர்களும் அதே கற்றையில்தான் போகின்றன. டிஸ்க் திடீரெனப் பெரிதாகப் பிதுங்கி மொத்தக் கற்றையையும் நெருக்கினால் அவையும் மாட்டிக்கொள்ளும். அப்போது உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போகும். கழுவும்போது தன் உடம்பைத் தொடுகிறோம் என்ற உணர்வே இருக்காது. சிறுநீர் வராது, அல்லது நிறைந்தது தெரியாமல் கசியும். மலத்தை அடக்க முடியாது. இரண்டு கால்களிலும் வலியோ பலக்குறைவோ வரலாம். இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும், நடு இரவாக இருந்தாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும். கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டு, வாழ்நாள் முழுக்கச் சிரமப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் இன்றே, நேரடியாக, இந்த வார்த்தைகளிலேயே பேசிவிடுங்கள். மகள் கேட்டால் சொல்வார்.

வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தால் அதையும் மருத்துவரிடம் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எல்-5 வேரின் முக்கிய வேலை பெருவிரலையும் முன்பாதத்தையும் மேலே தூக்குவது. வாரம் இரண்டு முறை, நீங்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள, அம்மாவைக் குதிகாலால் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு உட்கார வைத்து, இரண்டு பெருவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு எதிர்க்கிறதா என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இடதுபக்கம் வாரத்துக்கு வாரம் பலம் குறைந்தாலோ, நடக்கையில் முன்பாதம் தரையில் தட்டத் தொடங்கினாலோ, அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். ஆபரேஷன் பற்றிய பேச்சை அப்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.